இரண்டரை ஷில்லிங்கும் ஓர் உயிரும்

(சங்கத்தின் கலை இலக்கியப் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நம்மவர்களுக்கு ஓய்வு நாள். அந்த ஒரு நாளையும் விட்டுக்கொடுத்து தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். பொழுது போக்குவதற்காக மட்டும் நாம் கூடவில்லை. நம் நாடகக் குழுத் தோழர்கள் அடுத்த மாதம் ஓர் ஆங்கில நாடகத்தைத் தமிழில் படித்துக் காட்டப் போகிறார்கள். அது எந்த நாடகம், அதை ஏன் எடுத்துக்கொண்டோம், அதில் நமக்கு என்ன வேலை என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது என்று செயற்குழு கருதியது. அதற்காகவே இந்த உரை.

நாடகத்தின் பெயர் ‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’. தமிழில் ‘இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார்’ என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் ஜே. பி. பிரீஸ்ட்லி. 1894-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்தவர். பிராட்ஃபோர்டு என்றால் கம்பளி ஆலைகளின் ஊர். அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர். பிரீஸ்ட்லியோ பதினாறாவது வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கம்பளி வணிக அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தார். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து ஓடும் கூட்டத்தையும், அந்தக் கூட்டத்தின் உழைப்பில் மாளிகை கட்டியவர்களையும் ஒரே தெருவில் பார்த்து வளர்ந்தவர். முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர். 1940-ல், ஜெர்மன் குண்டு வீச்சுக்கு இங்கிலாந்து நடுங்கிய நேரத்தில், வானொலியில் பேசிச் சாதாரண மக்களின் நெஞ்சில் இடம் பிடித்தவர்.

இந்த நாடகத்தை அவர் எழுதியது 1944-ஆம் ஆண்டின் இறுதியில். அப்போது லண்டனில் அதற்கு அரங்கம் கிடைக்கவில்லை. ஆகவே 1945-ல் சோவியத் நாட்டில், மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும்தான் முதன்முதலாக மேடையேறியது. இங்கிலாந்து மக்கள் தங்கள் ஊர் நாடகத்தைத் தங்கள் தலைநகரில் பார்க்க 1946 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை உலகின் பல மேடைகளில் அது நடந்துகொண்டே இருக்கிறது. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடமாகவும் படிக்கிறார்கள்.

கதைக்கு வருவோம்.

1912-ஆம் ஆண்டு, வசந்த காலத்தில் ஒரு மாலை. பிரம்லி என்னும் தொழில் நகரம். ஊர் கற்பனை ஊர்தான். ஆனால் அதைப்போல நூறு ஊர்கள் இங்கிலாந்தில் உண்மையாகவே இருந்தன. ஆலை முதலாளி ஆர்தர் பிர்லிங்கின் வீட்டில் விருந்து. மகள் ஷீலாவுக்கும், இன்னொரு பெரிய ஆலை முதலாளியின் மகன் ஜெரால்டு கிராஃப்ட்டுக்கும் அன்று நிச்சயதார்த்தம். இரண்டு குடும்பங்கள் கை கோக்கின்றன என்று நாம் நினைப்போம். முதலாளி பிர்லிங் நினைப்பது வேறு. இதுவரை போட்டியாக இருந்த இரண்டு கம்பெனிகளும் இனிச் சேர்ந்துகொண்டு செலவைக் குறைத்து விலையை ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. செலவு என்று அவர் சொல்வதில் கூலியும் அடக்கம் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வயிறு நிறைந்ததும் பிர்லிங் உபதேசம் செய்யத் தொடங்குகிறார். போர் வராது என்கிறார். அடுத்த வாரம் புறப்படப் போகும் டைட்டானிக் கப்பல் மூழ்கவே மூழ்காது என்கிறார். ஒவ்வொருவனும் தன்னையும் தன் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டால் போதும், ஊரெல்லாம் ஒன்று என்று பேசுகிறவர்கள் கிறுக்கர்கள் என்கிறார். பேச்சு முடியவில்லை. அதற்குள் வாசல் மணி அடிக்கிறது. கூல் என்னும் இன்ஸ்பெக்டர் உள்ளே வருகிறார்.

அவர் கொண்டுவந்த செய்தி இதுதான். ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் அன்று கிருமிநாசினி மருந்தைக் குடித்து, குடல் வெந்து, ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். நம் ஊரில் பினாயில் குடித்துச் சாகிறார்களே, அப்படி. ‘இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கிறார் முதலாளி. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் மீதி நாடகம் முழுவதும்.

முதல் விடை முதலாளியிடமே கிடைக்கிறது. ஈவா அவருடைய ஆலையில் வேலை பார்த்தவள். நல்ல வேலைக்காரி. மேஸ்திரி அவளை ஒரு சிறு குழுவுக்குத் தலைமை தாங்க வைக்கலாம் என்றுகூட நினைத்திருந்தார். அங்கே பெண்களுக்கு வாரக் கூலி 22 ஷில்லிங் 6 பென்ஸ். 25 ஷில்லிங் வேண்டும் என்று கேட்டார்கள். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பது அந்நாளைய கணக்கு. ஆக அவர்கள் கேட்ட உயர்வு வாரத்துக்கு இரண்டரை ஷில்லிங். வாங்கிக்கொண்டிருந்த கூலியில் ஒன்பதில் ஒரு பங்கு. முதலாளி மறுத்தார். பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுமுறைக்குப் பிந்திய காலம். கையில் காசு இல்லை. ஓரிரு வாரத்தில் போராட்டம் ஓய்ந்தது. எல்லாரையும் பழைய கூலிக்கே சேர்த்துக்கொண்டு, முன்நின்ற நாலைந்து பேரை மட்டும் வெளியே தள்ளினார்கள். ஈவா அவர்களில் ஒருத்தி. இது நடந்தது 1910 செப்டம்பரில்.

இந்த உத்தி பிரம்லிக்கு மட்டும் உரியதா? வேலைநிறுத்தக் காலத்தில் மளிகைக்கடைக் கடன் நின்றுபோவது என்ன, முன்நின்றவன் பெயர் வாசல் காவலாளி கையில் இருக்கும் பட்டியலில் ஏறுவது என்ன என்பதை 1982-ல் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தைக் கண்ட நகரத்தில் யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே செல்வோம்.

இரண்டு மாதம் ஈவாவுக்கு வேலையில்லை. தாய் தந்தை இல்லை. வீடு இல்லை. பிறகு மில்வர்ட்ஸ் என்னும் பெரிய துணிக்கடையில் வேலை கிடைக்கிறது. மகிழ்ச்சியாக இருக்கிறாள். அங்கே ஒருநாள் முதலாளி மகள் ஷீலா ஓர் உடையைப் போட்டுப் பார்க்கிறாள். அது தனக்குப் பொருந்தவில்லை. அதே உடையைக் கையில் பிடித்து நின்ற ஈவாவுக்கு அது எடுப்பாக இருக்கிறது. ஈவா சிரித்தாள் என்று ஷீலாவுக்குக் கோபம். அந்தப் பெண்ணை நிறுத்தாவிட்டால் எங்கள் குடும்பக் கணக்கை இந்தக் கடையில் முடித்துவிடச் சொல்வேன் என்று மேலாளரிடம் மிரட்டுகிறாள். ஈவா மீண்டும் தெருவுக்கு வந்தாள்.

மூன்றாவதாக மாப்பிள்ளை ஜெரால்டு. கேளிக்கை அரங்கின் மதுக்கூடத்தில் ஒரு கிழட்டுப் பெரிய மனிதரின் பிடியிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறான். சாப்பாடு வாங்கித் தருகிறான். நண்பனுடைய வீட்டில் குடியமர்த்துகிறான். சில மாதம் ஆசைநாயகியாக வைத்திருந்துவிட்டு, தனக்கு வசதிப்படாத நேரத்தில் பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறான். நான்காவதாக முதலாளி மகன் எரிக். குடிபோதையில் அவள் அறைக்குள் வலுக்கட்டாயமாக நுழைகிறான். அவள் கருவுறுகிறாள். அவளுக்குக் கொடுப்பதற்காகத் தந்தையின் அலுவலகத்தில் பணம் கையாடுகிறான். மொத்தம் ஐம்பது பவுன். அது திருட்டுப் பணம் என்று தெரிந்ததும் ஈவா வாங்க மறுத்துவிடுகிறாள்.

ஐந்தாவதாக வருகிறவர் தாயார் சிபில் பிர்லிங். ஆதரவற்ற பெண்களுக்கு உதவும் தர்ம சங்கம் ஒன்றில் அவர் பெரும்புள்ளி. கர்ப்பிணியான ஈவா அந்தச் சங்கத்தின் படியேறி உதவி கேட்கிறாள். உண்மைப் பெயரைச் சொல்லாமல் திருமதி பிர்லிங் என்று சொல்லிவிடுகிறாள். அந்த அம்மையாருக்கு அது ஆணவமாகப் படுகிறது. நீ கல்யாணமானவள் அல்ல, நீ சொன்னது பொய், உனக்கு உதவி இல்லை என்று கமிட்டியை மறுக்க வைக்கிறார். பிள்ளைக்குத் தகப்பன் எவனோ அவனைப் பிடித்துப் பொறுப்பேற்க வையுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடமும் வீராப்பாகச் சொல்கிறார். அந்தத் தகப்பன் தன் சொந்த மகன் என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு விளங்குகிறது.

தோழர்களே! இந்த ஐந்து பேரில் குற்றவாளி யார் என்று இப்போது நாம் கேட்க வேண்டும்.

கூலி உயர்வு கேட்டவளை வேலையிலிருந்து நீக்குவது அந்நாளைய இங்கிலாந்துச் சட்டப்படி குற்றமல்ல. வாடிக்கையாளர் புகார் சொல்வது குற்றமல்ல. ஆசைநாயகி வைத்திருப்பதும் கைவிடுவதும் குற்றமல்ல. தர்ம சங்கம் விண்ணப்பத்தைத் தள்ளுவது குற்றமல்ல. எரிக் அந்தப் பெண்ணுக்கு இழைத்தது கொடுமை. ஆனால் ஓர் ஏழைப் பெண் முதலாளி மகன்மேல் புகார் கொடுக்க எந்தக் காவல் நிலையத்துக்குப் போவாள்? அந்த ஊர்ப் பெரிய போலீஸ் அதிகாரி அவன் தந்தையோடு கோல்ஃப் ஆடுகிறவர். தந்தையே அங்கே மாஜிஸ்திரேட்டும் ஆவார். ஆகவே அந்த வீடு முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், அந்த வீட்டார் ‘குற்றம்’ என்று பெயர் சொல்லிப் பதறும் செயல் ஒன்றே ஒன்றுதான் தேறுகிறது. அது ஐம்பது பவுன் கையாடல்! செத்துப்போன பெண்ணுக்காகத் துடிக்காத முதலாளி, கணக்குப் புத்தகத்தில் விழுந்த ஓட்டைக்காகத் துள்ளிக் குதிக்கிறார். வெளியே தெரிவதற்குள் அதை அடைக்க வேண்டும் என்று பறக்கிறார்.

அந்த ஐம்பது பவுனை நாம் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். ஐம்பது பவுன் என்பது ஆயிரம் ஷில்லிங். வாரத்துக்கு இரண்டரை ஷில்லிங் வீதம் வகுத்தால் நானூறு வாரம். அதாவது மகன் ஊதாரித்தனமாக எடுத்த பணத்தில் ஈவா கேட்ட கூலி உயர்வை ஏழரை ஆண்டுகளுக்கு மேல் கொடுத்திருக்கலாம். கம்பெனி தாங்காது என்று தந்தை மறுத்த காசு, மகன் கைவிட்டு எடுத்தபோது உடனே கண்ணில் படவில்லை! இதைவிடத் தெளிவாக வர்க்கப் பிரிவினையை எந்தக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியும்?

இன்னும் ஒன்று. ஐந்து பேரும் தனித்தனியாகச் செய்தது சிறு காரியம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஐந்தையும் கோத்துப் பார்த்தால் அது ஒரு பெண்ணின் கழுத்தைச் சுற்றிய சங்கிலி. தனித்தனிக் கண்ணிகளை விசாரிக்கச் சட்டத்துக்குத் தெரியும். சங்கிலியை விசாரிக்க அதற்குத் தெரியாது. அந்த விசாரணையை நடத்துவதற்காகவே பிரீஸ்ட்லி ஓர் இன்ஸ்பெக்டரைப் படைத்தார். பொறுப்பு என்ற சொல்லுக்கு இந்த நாடகம் தரும் பொருள் அதுவே. நாம் செய்யும் காரியம் நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் யார் தலையில் போய் விழுகிறது என்று தேடிப் பார்க்கும் கடமைக்குப் பெயர்தான் பொறுப்பு. இரக்கம் வேறு, அது வேறு. இரக்கம் கொடுப்பவர் மனம்போல் வரும், போகும். பொறுப்பு அப்படிப் போக முடியாது.

இதை விளங்கிக்கொள்ள, தர்ம சங்கத்து அம்மையாரை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இவர் வெறும் கற்பனை அல்ல. 1869-ல் லண்டனில் தர்ம காரியங்களை முறைப்படுத்தும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. ஏழைகளைத் ‘தகுதியுள்ளவர்’, ‘தகுதியற்றவர்’ என்று இரண்டாகப் பிரிப்பது அதன் வழிமுறை. வீடு தேடிப் போவார்கள், குடிக்கிறாயா, கல்யாணப் பத்திரம் உண்டா, சர்ச்சுக்குப் போகிறாயா என்று துருவுவார்கள். தேறியவருக்கு உதவி. தேறாதவருக்கு வொர்க்ஹவுஸ் என்னும் ஏழைகள் விடுதி. அங்கே கணவனை ஒருபுறமும் மனைவியை ஒருபுறமும் பிரித்து வைத்து வேலை வாங்குவார்கள். அதற்குள் போவதைவிடச் சாவது மேல் என்று ஏழைகள் நினைத்தார்கள்.

1912-ல் ஈவாவுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908-ல் வந்தது. அது எழுபது வயதுக்காரர்களுக்கு. தேசிய இன்ஷ்யூரன்ஸ் சட்டம் 1911-ல் நிறைவேறியது. ஆனால் சந்தா வசூல் தொடங்கியதே 1912 ஜூலையில்தான். வேலையில்லாதோர் உதவியும் கட்டடம், கப்பல் கட்டுதல், எந்திரத் தொழில் போன்ற சில தொழில்களுக்கு மட்டுமே. துணிக்கடைப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குப்போடும் உரிமை பெண் யாருக்கும் இல்லை. முப்பது வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு அது 1918-ல் கிடைத்தது. ஆணுக்குச் சமமாகக் கிடைக்க 1928 ஆயிற்று. ஆகவே முதலாளி வீட்டு அம்மையாரின் நல்ல மனம் என்ற ஒரே கதவுதான் ஈவாவுக்கு மிச்சம். அந்தக் கதவின் தாழ்ப்பாளோ அந்த அம்மையாரின் கோபத்தில் இருந்தது.

பிரீஸ்ட்லி 1944-ல் உட்கார்ந்து 1912-ஐ ஏன் எழுதினார்? அரங்கில் இருந்தவர்கள் எல்லாருக்கும் நடுவில் நடந்தது தெரியும். மூழ்காது என்ற டைட்டானிக் 1912 ஏப்ரல் 15 அன்று மூழ்கியது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். முதல் வகுப்புப் பயணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் பிழைத்தவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். கடல்கூட டிக்கெட் பார்த்து விழுங்கியது! போர் வராது என்று பிர்லிங் சொன்னார். 1914-ல் ஒன்று, 1939-ல் இன்னொன்று என இரண்டு வந்தன. அந்த மனிதரின் ஜோசியம் எல்லாம் பொய்த்தபோது, ஒவ்வொருவனும் தன்னைப் பார்த்துக்கொள் என்ற அவருடைய தத்துவம் மட்டும் எப்படி மெய்யாகும் என்று மக்கள் தாங்களாகவே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார் ஆசிரியர்.

மக்கள் கேட்டார்கள். 1942-ல் பெவரிட்ஜ் அறிக்கை, பிறப்பிலிருந்து இறப்பு வரை குடிமக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது. 1945 ஜூலையில் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றது. 1948 ஜூலை 5 முதல் எல்லாருக்கும் இலவச மருத்துவம் வந்தது. பழைய ஏழைகள் சட்டமும் அதே ஆண்டில் ஒழிந்தது. ஒரு நாடகத்தால் இதெல்லாம் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. இந்த மாற்றத்தை விரும்பிய லட்சக்கணக்கான மக்களின் குரல்களில் இந்த நாடகமும் ஒரு குரல். கமிட்டியின் தயவில் கிடைத்ததைச் சட்டத்தின் உரிமையாக மாற்றியது அந்தக் காலம்.

நாடகத்தைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அதில் நமக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். ஈவா ஸ்மித் மேடைக்கு வருவதே இல்லை. அவள் கதை முழுவதும் அவளை ஒழித்தவர்கள் வாயால் சொல்லப்படுகிறது. உழைக்கும் வர்க்கத்தின் பிரதிநிதியாக மேடையில் இருப்பவள் வேலைக்காரப் பெண் எட்னா ஒருத்திதான். மது கொண்டுவருகிறாள், இன்ஸ்பெக்டர் வந்திருப்பதை அறிவிக்கிறாள், வீட்டார் தேநீர் கேட்பார்கள் என்பதற்காக இரவு வெகுநேரம் தூங்காமல் விழித்திருக்கிறாள். அவளுக்கு உள்ள வசனம் விரல்விட்டு எண்ணக்கூடியது. அந்த வீட்டில் அன்று நடந்ததைப் பற்றி எட்னா என்ன நினைத்தாள்? யாரும் கேட்கவில்லை. 1992-ல் லண்டனில் ஸ்டீஃபன் டால்ட்ரி இந்த நாடகத்தை இயக்கியபோது, மாளிகைக்கு வெளியே சாதாரண மக்கள் கூட்டத்தை ஓசையின்றி நிற்க வைத்தார். அந்த மௌனம் நாடகத்துக்குப் புதிய பலம் கொடுத்தது. நம் தோழர்களும் எட்னாவை மூலையில் நிறுத்தி மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு வந்து இங்கே அமர்ந்திருக்கும் நம் தாய்மார்கள் முதலில் பார்க்கப்போவது அவளைத்தான்.

இன்னொரு குறை, போராட்டத்தைப் பற்றியது. நாடகத்தில் பெண்களின் வேலைநிறுத்தம் பரிதாபமாக முடிகிறது. வரலாற்றில் அப்படி முடியாததும் உண்டு. ஈவா வேலை இழந்ததாக நாடகம் சொல்லும் அதே 1910 செப்டம்பரில், இங்கிலாந்தின் கிராட்லி ஹீத் என்ற ஊரில் இரும்புச் சங்கிலி செய்யும் பெண்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கொல்லையில் உலை வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தி, சம்மட்டி அடித்த பெண்கள். சட்டப்படி அமைந்த கூலி வாரியம் மணிக்கு இரண்டரை பென்ஸ் என்று நிர்ணயித்தது. அதுவே அவர்கள் வாங்கிய கூலிக்கு ஏறத்தாழ இரு மடங்கு. முதலாளிகள் தர மறுத்தார்கள். மேரி மக்கார்தர் என்னும் தலைவி முன்நிற்க, பெண்கள் சங்கமாகத் திரண்டார்கள். நாடெங்கும் இருந்து போராட்ட நிதி வந்தது, ஏறத்தாழ நாலாயிரம் பவுன். பத்து வாரத்தில் முதலாளிகள் பணிந்தார்கள். மிஞ்சிய நிதியில் தொழிலாளர் மன்றக் கட்டடம் எழுப்பி 1912-ல் திறந்தார்கள். பிர்லிங் வீட்டு விருந்து நடந்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்டு! ஈவாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் துணிச்சலில் வேறுபாடு இல்லை. அவர்களுக்கு நிதி இருந்தது, சங்கம் இருந்தது, ஊர் துணை இருந்தது. ஈவாவுக்கு அவை இல்லை. முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் மனச்சாட்சி விழிக்கும்வரை தொழிலாளி காத்திருக்க வேண்டியதில்லை என்பதை நாடகத்தோடு சேர்த்து இந்த வரலாற்றையும் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இனி நாடகத்தின் முடிவு. மனிதர் ஒருவருக்கொருவர் பொறுப்பு, இதை அமைதியாகக் கற்காவிட்டால் பெருந்துன்பத்தில் கற்க நேரும் என்ற பொருளில் எச்சரித்துவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விடுகிறார். அவர் போனபின் வீட்டார் துப்பறிகிறார்கள். கூல் என்ற பெயரில் அந்த ஊர்ப் போலீசில் யாருமே இல்லையாம். புகைப்படத்தை ஒருவருக்குக் காட்டியபோது மற்றவர் பார்க்கவில்லை, ஆகவே அது ஒரே பெண்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று ஜெரால்டு கேட்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்கிறார்கள். அப்படி யாரும் சாகவில்லை என்று பதில் வருகிறது. உடனே முதலாளிக்கும் அம்மையாருக்கும் மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. பாரம் இறங்கிவிட்டது!

அவர்களுடைய ஆறுதலை எண்ணிப் பாருங்கள். ஒரே பெண் அல்ல, ஐந்து வேறு பெண்களாக இருக்கலாம் என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்த ஆறுதல். ஒருத்தியை ஐந்து பேர் சேர்ந்து ஒழித்தால் பாவம், ஐந்து பேரை ஆளுக்கு ஒருத்தியாக ஒழித்தால் பாவமில்லை! உழைப்பவர் பக்கம் நின்று பார்த்தால் ஐந்து பெண்கள் என்பது இன்னும் பெரிய கொடுமை அல்லவா? ஷீலாவும் எரிக்கும் மட்டும் சிரிக்கவில்லை. யார் செத்தாலும் சாகாவிட்டாலும் நாம் செய்தது செய்ததுதானே என்று நிற்கிறார்கள். அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடிக்கிறது. ஒரு பெண் கிருமிநாசினி குடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டாள், விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்று செய்தி. திரை விழுகிறது.

தோழர்களே, தாய்மார்களே! இந்த நாடகத்தைப் பார்க்கும் தொழிலாளி தன்னை ஈவாவாக மட்டும் நினைத்துக்கொள்வது இயல்பு. அதில் பிழையில்லை. ஆனால் அதோடு நின்றால் நாடகம் நமக்குப் பாதிதான் பயன்படும். நம்மில் மேஸ்திரிகள் உண்டு. ஊரிலிருந்து ஆள் கூட்டி வரும் காண்ட்ராக்டர்கள் உண்டு. நாலு பேரை வேலைக்கு வைத்துச் சிறு பட்டறை நடத்துகிறவர்களும் உண்டு. ‘அவனை நிறுத்திவிடு’ என்ற ஒரு சொல் நம் வாயிலிருந்தும் வரக்கூடும். அது எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கிறோமா?

அதைவிட நெருங்கிய ஒன்று உண்டு. நம் சங்கத்துக்கும் ஒரு துயர்நிவாரண நிதி இருக்கிறது. அதற்கும் ஒரு கமிட்டி இருக்கிறது. விண்ணப்பம் வரும்போது, எந்த மாவட்டம், எந்தச் சாதி, கணவன் எங்கே, தாலி உண்டா, குடிக்கிறவனா என்ற கேள்விகள் நாலு சுவருக்குள் எழுவது எளிது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் சிபில் பிர்லிங்காக மாறுவதற்குப் பட்டுப் புடவையும் மாளிகையும் தேவையில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போதும்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறோம். நிதி கேட்டு வருகிறவரிடம் இரண்டே கேள்விகள் கேட்போம். என்ன நேர்ந்தது? உடனே என்ன தேவை? மற்றவை எதுவும் படிவத்தில் இருக்க வேண்டாம். உதவி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுதிக் கொடுப்போம். பொதுக்குழுவில் முறையிட அவருக்கு உரிமை இருக்கட்டும். கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். அவர்களில் வீட்டு வேலை செய்யும் தாய்மார்களும் இருக்கட்டும். நிதி நாம் எல்லாரும் மாதந்தோறும் போட்ட பணம். வாங்க வருகிறவர் பிச்சைக்கு வரவில்லை, தன் பங்குக்கு வருகிறார். இதன் மேல் அடுத்த பொதுக்குழுவில் விவாதிப்போம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுந்து சொல்லுங்கள்.

நாடகத்தில் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஒரு பெண் செத்துப்போகிறாள். நம் வட்டாரத்தில் அப்படி ஒரு பெண் படியேறி வரும் நாளில், அவள் பேர் என்ன சொன்னாள் என்று துருவாமல், அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஒரு சங்கம் இங்கே இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய நிதியும் ஆட்களும் நம்மிடம் இருக்கின்றன.

அடுத்த மாதம் நாடகத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.